தாடையெலும்பில் எங்கள் அடையாளம்

ரெய்க்யாவிக்கில் சௌக்கியமாக இருக்கிறவருக்கு,

இங்கே கூரை பறந்தபோது வராத உங்கள் கடிதம், ரேடியோவில் திமிங்கிலம் கரை ஒதுங்கிய செய்தி வந்ததும் வந்துவிட்டது. கரைக்குச் சொந்தக்காரன் நீங்களாம், மியூசியத்தில் உங்கள் பேரைக் கொடுக்க வேண்டுமாம்.

கரை என் அப்பாவுடையது. அலை கொண்டுவந்து போட்ட மரத்திலெல்லாம் அவருடைய அடையாளத்தைத்தானே நீங்களும் வெட்டினீர்கள்? மூன்று கீறல், ஒரு சிலுவை.

மியூசியத்துக்காரர் ஹால்வார் பழைய பதிவுகளைப் புரட்டினார். இந்த வடகரையில், பறவை மாதிரி மூக்கு நீண்ட இந்த அலகுத் திமிங்கிலம் இதற்கு முன்பு ஒரே தடவைதான் ஒதுங்கியிருக்கிறது, அப்பா காலத்தில்.

"இதுக்கு யார் பேரை எழுதட்டும்மா?" என்றார்.

கறி எடுத்த தாடையெலும்பில் உளியை வைத்தேன்.

"ஐயோ, எலும்பைக் கெடுக்காதீங்கம்மா!" என்று அலறினார்.

பக்கத்துப் பண்ணை குட்னி சிரித்தாள். "வெட்டட்டும் விடுங்க. அடையாளம் இல்லேன்னா, கட்டினவளை விட்டுட்டுப் போனவன்கூட வந்து என்னுதுன்னுவான்."

மியூசியப் பதிவில் அப்பா பேருக்குக் கீழே இப்போது என் பேர்தான் இருக்கிறது.

மண்டையோடும் தாடையும் உங்கள் ஊர் மியூசியத்துக்குத்தான் வருகின்றன. கூட இருக்கிறவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அது யாருடைய அடையாளம் என்று அவள் கேட்டால், நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கரைக்குச் சொந்தக்காரி