சத்தம் வராத மெயின் சுவிட்ச்

அன்புள்ள மச்சான் சீனிச்சாமிக்கு,

முல்லையாற்றில் தென்னை மரம் வேரோடு மிதந்து வந்தது, என் மூத்த மகள் சமைந்தது, நாம் வேலை பார்த்த பஞ்சு ஜின்னிங் மில்லுக்குப் பூட்டு விழுந்தது, மூன்றும் ஒரே வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது. வருஷங்களை இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மில் சாமான்களை ஏலத்துக்கு விட்டபோது நான் மோட்டார், ஸ்டார்ட்டர், பீங்கான் ஃபியூஸ், பித்தளை வளையம் போட்ட மீட்டர் என்று வண்டி நிறைய ஏற்றினேன். நீ ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்கினாய். சலவைக்கல் பலகையில் பதித்த அந்த மெயின் சுவிட்ச். ஆயுத பூஜை முடிந்து முதன்முதலில் அதைப் போடுவதற்கு முதலாளி வருஷா வருஷம் உன்னைத்தான் கூப்பிடுவார். ஏன் உன்னை மட்டும்? எனக்கென்ன கை இல்லையா?

அப்புறமும் உத்தமபாளையம், தேவதானப்பட்டி என்று எங்கே மில்லைப் பிரித்தாலும் போய் நின்றேன். என் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. உன் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு பலகை. ஆனாலும் ஆயுத பூஜைக்கு மில் ஆட்கள் கூடியது உன் வீட்டில்தானே? கரண்டே இல்லாத சுவிட்சை நீ போடுவாய். 'டக்'கென்று ஒரு சத்தம். மில்லே ஓட ஆரம்பித்த மாதிரி எல்லோரும் கைதட்டுவார்கள்.

ஒருமுறை கைப்பிடியைத் தொடப் போனேன். "ஏலே, தள்ளி நில்லு. ஒனக்குத்தான் அங்கன கொட்டக நெறையக் கெடக்குல்ல?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் பெண்டாட்டியும் சிரித்தாள். கூடப் பிறந்த என் தங்கச்சி!

"மாமா, செத்துப்போனவுகள இப்படியா ஏசுறது?" என்கிறாள் மருமகள். எழுது ஆத்தா, அவன் கேட்கட்டும்.

இந்த ஆயுத பூஜைக்குத் தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, அவுக இல்ல. நீதான் வந்து போடணும்." அவள் பேசி முடிப்பதற்குள் வேட்டி மாற்றிவிட்டேன். நீ கைப்பிடிக்கு மட்டும்தான் சந்தனம் வைப்பாய். உன்னைவிட ஒருபடி மேலே இருக்கட்டும் என்று, நான் கைப்பிடியோடு இறங்கும் செம்புக் கத்திகளுக்கும், அவை போய்ச் சொருகும் கவ்விகளுக்கும் சேர்த்து அப்பினேன்.

பார்க்க யார் வந்தார்கள்? மில்லில் பஞ்சு பொறுக்கிய செபஸ்தியம்மாள் மட்டும், ராயப்பன்பட்டியிலிருந்து பஸ் ஏறி. மற்றவர்கள் எல்லோரும் அங்கே உன்னிடம் வந்துவிட்டார்களே. அங்கேயும் உன்னைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

போட்டேன். சந்தனத்தில் வழுக்கிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் போய் உட்கார்ந்தது.

"சீனியண்ணன் போட்டா தெருவுக்கே கேக்கும். நீங்க போட்டா என்னண்ணே, பூனை நடந்தாப்புல இருக்கு?" என்றாள் செபஸ்தியம்மாள்.

செத்தும் நீயே ஜெயித்தாய், மச்சான்.

பலகையை என்னையே கொண்டுபோகச் சொல்கிறாள் தங்கச்சி. எத்தனை வருஷம் அதற்காக வயிறு எரிந்திருப்பேன்! வேண்டாம் என்றுவிட்டேன். என் கொட்டகைக்கு வந்தால் அது இன்னொரு சாமான். உன் சுவரில் இருந்தால்தான் உன்னை ஜெயிக்க முடியும்.

கத்திகளைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். அடுத்த ஆயுத பூஜைக்கு உன் காதுக்கு எட்டும்படி போட்டுக் காட்டுவேன், இது சத்தியம். ஆனால் உன் சத்தம் பெரிதா, என் சத்தம் பெரிதா என்று சொல்ல மில் ஆட்களில் இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அதுவரைக்கும் அவளை அங்கே கூப்பிட்டுக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அண்ணன் கருத்தபாண்டி.
சாட்சி: செபஸ்தியம்மாள்.