கடைசி நாள் என்று நான் சொல்லவில்லை

இன்று என் சீனியர் வக்கீலின் அலுவலகத்தில் அலமாரியை ஒழித்தேன். சட்டங்கள் மாறிவிட்டன, பழைய புத்தகங்களைக் கட்டிக் கடைக்குப் போட்டுவிடு என்று அவர் சொல்லி மூன்று வாரமாகிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து வருடம் நாம் மனப்பாடம் செய்த எண்களுக்கெல்லாம் இப்போது வேறு எண்கள். முந்நூற்றிரண்டு என்றால் இனி கொலை இல்லை. கோர்ட்டில் வயதான வக்கீல்களே பழைய எண்ணைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

என் பழைய புத்தகங்களையும் அங்கேதான் போட்டு வைத்திருந்தேன். அவற்றுக்கு நடுவே உன் சாட்சியச் சட்டம் இருந்தது. ஓரங்களில் உன் கிறுக்கல்கள். ஒரு பிரிவுக்கு நேராக "இது கேப்பாங்க". இன்னொன்றுக்கு "கேக்க மாட்டாங்க, கேட்டா போச்சு". ஒரு பக்கத்தில் சட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் "பசிக்குது". தரையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

நீ தேங்காய்த்திட்டிலிருந்து வந்தாய். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துப் பெரிய மார்க்கெட்டில் விற்கும் அம்மாவின் மகள். ஏலக்காரர்களின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் உனக்கு. என் அப்பா மில் மூடிய பிறகு ஓர் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருப்பவர். வருகிற போகிற எல்லோரையும் 'சார்' என்பவர். எனக்கு வாய்த்தது அவருடைய குரல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், அங்கே எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதுகூட எனக்குப் பயமாக இருந்தது.

முதல் வாரம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பி.ஏ., எல்.எல்.பி. என்றால் இரண்டு படிப்பா, ஒரு படிப்பா என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் வந்து கேட்டேன். "ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீடி" என்றாய். பிறகு என் வரலாற்றுக் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ நல்லா எழுதுற. பி.ஏ.வ நீ படி, எல்.எல்.பி.ய நான் படிக்கிறேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு வக்கீல்" என்றாய். விளையாட்டாகச் சொன்னதை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

என் எண் முப்பத்தொன்று, உன்னுடையது முப்பத்திரண்டு. வருகை எடுக்கும்போது நான் சொல்லும் 'பிரசென்ட் மேம்' இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. முதல் மாதம் பாதி நாள் எனக்கு ஆப்சென்ட் விழுந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு! அதைத் தெரிந்துகொண்ட அன்றிலிருந்து நீயே இரண்டு பேருக்கும் சொல்ல ஆரம்பித்தாய். "முப்பத்தொண்ணு முப்பத்திரெண்டு பிரசென்ட் மேம்!" மேடமும் ஒரே கோட்டில் இரண்டு எண்ணுக்கும் குறி போடப் பழகிவிட்டார். அரசியல், பொருளாதாரம், சமூகவியல் என்று பி.ஏ. பாடங்கள் முடிந்து, ஒப்பந்தச் சட்டம், குடும்பச் சட்டம் என்று வந்த பிறகும் அது மாறவில்லை. மூட் கோர்ட் என்ற மாதிரி வழக்குப் போட்டிகளில் நான் வாதங்களை எழுதிக் கொடுப்பேன், நீ நின்று பேசுவாய். பரிசு வாங்க மேடைக்கும் உன்னைத்தான் அனுப்பினேன்.

நான்காம் வருடம் உன் கால்கள் வீங்க ஆரம்பித்தன. சிறுநீரகம் என்றார்கள். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் சில நாட்கள், பிறகு பல நாட்கள். நீ வராத நாட்களில் வகுப்பில் அந்த இரண்டு எண்களுக்கும் பதில் வரவில்லை. மேடம் பழக்கத்தில் இரண்டு பேருக்கும் ஆப்சென்ட் போட்டார். நான் அங்கேதான் இருந்தேன். தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

செமஸ்டர் முடிவில் வருகை குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். உன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். என் விஷயம் நான் வாயைத் திறக்காமலே தீர்ந்தது. "ஏய், நீ தெனம் பெஞ்சுல இருந்தியே" என்று மேடமே பதிவேட்டைத் திருத்திவிட்டார். உனக்கு டாக்டர் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுத்தால் பரீட்சை எழுத விடுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வார்டில் நீ கையில் ஊசியோடு படுத்தபடி அந்த ஃபைலைக் கொடுத்தாய். "பிரின்சிபால் கையெழுத்து வாங்கி ஆபீஸ்ல குடுத்துடு. வேற ஒண்ணும் பேச வேணாம், பயப்படாத." உன் அம்மா எனக்குப் பன் வாங்கிக் கொடுத்தார். "இந்த வருசம் போனா இவ மறுபடி படிக்க மாட்டா பாப்பா. எனக்குத் தெரியும்" என்று வாசல் வரை வந்து மெல்லச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே கல்லூரி அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அங்கே இருந்தவர், "சார் மீட்டிங்ல இருக்காரு, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். மதியம் அவர் சாப்பிடப் போனார், வந்தார். இரண்டு முறை என்னைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் என் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது: சார், இன்றைக்குக் கடைசி நாள். எழுந்து சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களே கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். நான்கு மணிக்குப் பிரின்சிபால் அறையை விட்டு வந்தார். நான் எழுந்து நின்றேன். என்னைக் கடந்து போய்க் காரில் ஏறினார்.

அலுவலகக்காரர் மேசையைப் பூட்ட வந்தபோதுதான் கேட்டார். "ஏம்மா, நீ எதுக்கு உக்காந்திருந்த?" ஃபைலை நீட்டினேன். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னைக்குத்தான லாஸ்ட் டேட்? வந்தப்பவே சொல்றதுக்கு இன்னா? உள்ள போய் ஒரு நிமிசத்துல வாங்கியாந்திருப்பேனே!" அவர் நல்ல மனிதர். திங்கட்கிழமை எனக்காக மேலே இரண்டு இடத்துக்குப் போன்கூடச் செய்தார். பட்டியல் போய்விட்டது என்றார்கள்.

வார்டுக்கு வந்து, உன் அம்மாவுக்கு முன்னால், "வாங்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்றேன். அம்மா கல்லூரி ஆபீஸ்காரரைத் திட்டத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. அவர் டீ வாங்கப் போன நேரத்தில் உன்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"ஏன்டி, ஒரே ஒரு வார்த்த. அதையும் நாந்தான் வந்து சொல்லணுமா? நான் இல்லாதப்ப நீ இன்னாடி பண்ணுவ?" அந்தக் கோபம் உன் முகத்தில் அதற்கு முன் நான் பார்க்காதது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் கிளம்பும்போது திரும்பாமலே, "பஸ்ஸுக்குக் காசு இருக்கா?" என்று கேட்டாய்.

அம்மா சொன்னது நடக்கவில்லை. நீ மறு வருடம் வந்தாய். ஜூனியர்களோடு உட்கார்ந்தாய். பக்கத்து அறையில் நான் ஐந்தாம் வருடம். சுவருக்கு அந்தப் பக்கம் உன் புதிய எண்ணை நீ சொல்வது எனக்குக் கேட்கும். ஆறு வாரம் கேட்டது. அப்புறம் மழைக்காலம். உன் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் உன் பழைய வகுப்பு, பாதிப்பேர் உன் புது வகுப்பு. யார் எந்த வகுப்பு என்று உன் வீட்டாருக்குக் குழப்பமாக இருந்தது.

நான் பாஸ் செய்தேன். கோட்டு தைத்துக்கொண்டேன். வாய்தா கேட்கிற அளவுக்குக் குரல் வருகிறது. பின் வரிசைக்குக் கேட்காது, நீதிபதிக்குக் கேட்டால் போதும். காலையிலிருந்து மாலை வரை படிக்கட்டு ஏறி இறங்குவதில் கழிகிறது. வீட்டுக்கு வந்தால் என் அம்மா, "இன்னைக்கு பேசினியா?" என்று கேட்பாள். "பேசினேன்" என்பேன். இதற்கா ஐந்து வருடம் என்று சில நாள் தோன்றும். உனக்குத் தோன்றியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவிடம் மீன் வாங்கப் போகிறேன். ஒவ்வொரு முறையும் மீனைப் பையில் போட்டுக்கொண்டே அந்த ஆபீஸ்காரரைத் திட்டுவார். "எம் பொண்ணு வருசத்த அழிச்சானே, அவன் கை வெளங்குமா?" பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் என்னைக் காட்டி, "இந்தப் புள்ள நாளெல்லாம் கால் கடுக்க நின்னுச்சு" என்பார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அதைக்கூட இரண்டு வருடமாகத் திருத்தவில்லை.

போன ஞாயிறு சொல்லிவிட்டேன். கூட்டம் குறைவாக இருந்தது. உன் அம்மா சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார். "அம்மா, அந்த ஆளு வாங்க மாட்டேன்னு சொல்லல. நாந்தான் கடைசி நாள்னு சொல்லாம உக்காந்திருந்தேன்." குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அம்மா நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அன்னைக்கே எம் பொண்ணு சொல்லிட்டா. 'அவகிட்ட கேக்காதம்மா, அதுலயே செத்துப்பூடுவா'ன்னா. நான் ஒன்ன கேக்கல."

"அப்ப ஏம்மா இன்னும் அந்த ஆள திட்டுறீங்க?"

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேற யார திட்ட சொல்ற? அவளையா? அவ போய்ட்டா. ஒன்ன திட்டுனா நீ வர மாட்ட. அந்த ஆளு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. நான் திட்டுறதுல அவனுக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

அதற்குள் யாரோ வந்து நெத்திலி கேட்டார்கள். அம்மா அவர்களிடம் பேரம் பேசினார், எடை போட்டார், மீதிச் சில்லறை கொடுத்தார். பிறகு என் மீனைக் கழுவிப் பையில் போட்டு நீட்டினார். "கொழம்பு வெச்சிக்கோ, வறுக்காத" என்றார்.

நாளை மறுபடி ஞாயிறு. போவேன். அம்மா மறுபடி அந்த மனிதரைத் திட்டுவார். அது யாருக்குச் சேர வேண்டிய திட்டு என்று இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பையைப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டு வருவேன்.