சூடு பண்ணிய சாதம்

செவ்வாய், இரவு

என் வீட்டுக்காரர் செந்திலை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆபீஸில் லஞ்ச் சாப்பிட்டதிலிருந்து வாந்தி நிற்கவில்லை. கல்லீரலையும் பார்க்க வேண்டுமாம்.

ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்காமல் குக்கரிலேயே கிடந்த சாதம் அது. காலையில் எலுமிச்சை பிழிந்து நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

"நீ நல்லா சூடு பண்ணித்தானே குடுத்தே? அதுல என்னடி இருக்கப் போகுது?" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

நான் வேலை செய்யும் பிளெய்ன்ஸ்பரோ லேபில் தினமும் பார்ப்பது இதைத்தானே! சோற்றில் வளரும் கிருமி சூட்டில் சாகலாம். அது கக்கிவைத்த நஞ்சு சாகாது. கொதிக்கவைத்த நஞ்சைத்தான் கல்லீரல் செல்கள்மேல் விடுவேன். சக்தி வற்றி அவை ஒவ்வொன்றாகச் சாகும். எழுதி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் மகளின் லஞ்ச் பேக் கண்ணில் பட்டது. அவளுக்கும் அதே சாதம். ஓடிப்போய்த் திறந்தேன். டப்பா நிறைய அப்படியே இருந்தது.

"ஸாரிம்மா, ஐ வாஸ்ன்ட் ஹங்ரி" என்றாள் அனு, திட்டு வாங்கத் தயாராக.

மிச்சம் வைத்ததற்கு அவளை நான் திட்டாத நாளே கிடையாது. இன்று டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.