நீ அனுப்பிய ஒற்றை சீட்

ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.
14.9.1968, சனிக்கிழமை

அன்புள்ள அசோகனுக்கு,

உன் சித்தி கண்மணி எழுதுகிறேன். பம்பாயில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை. உன் அப்பா நன்றாக இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் சீட் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கிறாய், மெத்தை மாதிரி இருக்கிறது என்று அவர் பதில் எழுதுகிறார். அது பொய். நீ அனுப்பிய அந்த மோட்டார் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய இடது கால் மரத்துப்போகிறது. டாக்டர் கழற்றச் சொல்லிவிட்டார், நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், பிள்ளை அனுப்பியதைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் உனக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது, வகுப்பில் பிள்ளைகள் முன்னால் மட்டும்தான் வரும், அதை நீ பி.ஏ. படித்த கர்வம் என்று நினைத்திருக்கலாம். இந்த மூன்று வருஷமும் உன்னை நீங்கள் என்றுதான் சொல்லி வந்தேன். இன்று கோபத்தில் இருக்கிறேன், நீ என்றே எழுதுகிறேன். சித்திக்கு அந்த உரிமை உண்டா என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை.

மே மாதம் உன் பார்சல் பங்காருபேட்டைக்கு வந்த அன்று உன் அப்பா அதைத் தலையில் வைத்துத் தூக்கி வராத குறைதான். எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் ஒரு வீடு விடாமல் அழைத்துக் காட்டினார். உள்ளே நீ எழுதி வைத்திருந்த துண்டுக் காகிதத்தை உரக்கப் படித்தார். "அப்பா ஒருத்தருக்கு இது போதும்." படித்துவிட்டுச் சிரித்தார், சிரித்த பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் கலியாணத்தன்று புத்த விகாரை வாசலில் வண்டியைப் பார்த்து நீ சொன்னது எனக்கும் கேட்டதுதான். "எங்கம்மா இருந்தப்போ பின்னால எடமே இல்ல, இப்போ மட்டும் எப்டி வந்துச்சு?" என்றாய். பழைய ஒற்றை சீட்டை எடுத்துவிட்டு நீள சீட் போட்டது எனக்காக என்று நீ முடிவு கட்டியிருந்தாய். அன்றைக்கு உன் அப்பா பதில் பேசவில்லை. எனக்கும் உண்மை தெரியாது, புது மாப்பிள்ளை ஆசையில் போட்டிருப்பார் என்று நானும்தான் நினைத்தேன். பார்சல் வந்த சாயங்காலமே நீள சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டார், அதுவரை அவர் பின்னால் உட்கார்ந்து போன நான் மறுநாளிலிருந்து பள்ளிக்கூட ரயிலுக்கு ஸ்டேஷன் வரை நடந்தேன். நடந்ததற்காகக் கோபம் என்று நினைக்காதே. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், அந்தக் காலேஜுக்கும் நடந்துதான் போனேன்.

என் கோபம் வேறு. நல்ல தோல், நல்ல தையல், விலையும் நிறையக் கொடுத்திருப்பாய், அதில் குறை இல்லை. ஆனால் அதைக் கடையில் யார் உட்கார்ந்து பார்த்தது? நீதானே? உன் எடை என்ன, உன் அப்பாவின் எடை என்ன? சுரங்கத்துக்குள் பாறை வெடித்து முதுகில் அடி வாங்கி, சுரங்கத்துக்கு வெளியே தரை வேலைக்கு மாற்றலாகி வந்த மனிதர் அவர். உடம்பில் சதையே கிடையாது. உன் மாதிரி ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அந்த இரண்டு ஸ்பிரிங்கும் அவர் உட்கார்ந்தால் அசைவதே இல்லை. ரோட்டில் உள்ள ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்கு ஏறுகிறது. சீட்டின் மூக்கு மேலே தூக்கி நிற்கிறது. தோல் நடுவில் தொய்ந்து, பின்பக்க இரும்பு விளிம்பு சரியாக முதுகின் அடி எலும்பில் இடிக்கிறது. அவரும் சும்மா இருக்கவில்லை. முன்னால் போல்ட்டைத் தளர்த்தி மூக்கை இறக்கினார், அப்புறம் ஆள் முன்னுக்குச் சரிந்து பாரம் எல்லாம் மணிக்கட்டில் விழுந்தது. பின்னால் வாஷர் வைத்துப் பார்த்தார். துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டினார், நான் பார்த்துவிடக் கூடாதென்று தெருமுனையிலேயே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். துண்டில் விழுந்த மடிப்பு எனக்குத் தெரியாதா?

போன மாதம் ஒருநாள் டூட்டி முடிந்து இடது காலில் செருப்பில்லாமல் வந்தார். செருப்பு எங்கே என்று கேட்டேன், குனிந்து பார்த்தார், அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, காலுக்குத் தெரியவில்லை அசோகா. அதற்கப்புறமும் ஓட்டினார். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்த இடது காலை ஊன்றியிருக்கிறார், கால் நிற்கவில்லை, வண்டியோடு சாய்ந்துவிட்டார். கேட் திறக்கக் காத்திருந்தவர்கள்தான் தூக்கியிருக்கிறார்கள். கணுக்கால் வீங்கி லீவில் இருக்கிறார். நரம்பு நசுங்குகிறது, இப்படியே இடித்துக்கொண்டிருந்தால் கால் திரும்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் சீட்டைக் கழற்றலாம் என்றேன். "புள்ள ஆசையா அனுப்பிச்சது, அத்த கழட்டினா அவன் மனசு இன்னா ஆவும்" என்றார். கால் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கால் போனா வண்டியே ஓட்டத் தேவல, அப்போ இந்த சீட்டும் வாணாம் அந்த சீட்டும் வாணாம்" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். திங்கட்கிழமை டூட்டிக்குப் போவாராம், அதே சீட்டில். அவரோடு மூன்று வருஷத்தில் நான் குரலை உயர்த்திப் பேசியது அன்றுதான், பக்கத்து வீட்டுப் பார்வதம்மா சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பரணிலிருந்து நீள சீட்டை இறக்கிக் கோணியில் கட்டி, பஸ்ஸில் ராபர்ட்சன்பேட்டைக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் கோணியைத் தட்டிப் பார்த்து, "இன்னாம்மா, எங்க டிரைவருக்கு ஸ்பேர் சீட்டா?" என்று கேட்டார், பஸ்ஸே சிரித்தது, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். சகாயம் குஷன் கடையில்தான் இந்த சீட்டைத் தைத்தது என்று உன் அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். அவர் முதுகுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரவேண்டும் என்றேன். ஆளைக் கூட்டி வராமல் எப்படி அளவு எடுப்பது என்றார் சகாயம். நான் அளவு கொண்டுபோயிருந்தேன். வீட்டில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி மெத்தையில் அவர் எழுந்ததும் விழுந்திருக்கும் தடத்தை ஒரு பேப்பரில் வரைந்து, எங்கே அதிகம் அமுங்கியிருக்கிறது என்று கோடு போட்டு வைத்திருந்தேன். சகாயம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புருஷன் குந்துற எடத்த படம் போட்டு எடுத்தாந்த பொம்பளய இப்பத்தாம்மா பாக்கறேன்" என்றார். கடையில் இன்னும் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது, ஆனால் உன் மேல் இருந்த கோபம் என்னை ஸ்டூலிலேயே உட்கார வைத்தது.

பிறகு சகாயம் ரெக்சினைப் பிரித்தார். முன்பாதியில் வெறும் தேங்காய் நார். பின்பாதியில், நான் மூன்று வருஷம் உட்கார்ந்த இடத்தில், இடது பக்கம் மட்டும் பஞ்சு வைத்துத் தைத்த தனி மெத்தை ஒன்று இருந்தது. அந்த இடம் மேடாக இருக்கிறது, கோணல் வேலை, சரி பண்ணச் சொல்லுங்கள் என்று நான் உன் அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இருக்கட்டும் என்பார், அவ்வளவுதான். இது என்ன என்று சகாயத்திடம் கேட்டேன். "நான் வச்சதுதாம்மா. நாகம்மாக்காவுக்கு இடுப்பு எலும்பு கெட்டுப்போயி குந்த முடியாம கெடந்தாங்க இல்ல, கோலார் ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் வண்டிலதான் இட்டுனு போனாரு. அவுங்களுக்கோசரம்தான் இந்த சீட்டே போட்டது. ரெண்டு தபா பிரிச்சி மாத்தினேன். மூணாவது தபா அந்தக்கா குந்திப் பாத்துட்டு, இப்போ பரவால்லடா தம்பின்னாங்க" என்றார்.

அசோகா, உன் அம்மாவுக்காகப் போட்ட சீட் அது. நீ ஐ.டி.ஐ. படிக்க பெங்களூர் போகும்போது வண்டியில் ஒற்றை சீட் இருந்தது. அடுத்து நீ வந்தது நாகம்மா அக்காவின் அடக்கத்துக்கு, அன்றைக்கு யார் வண்டியைப் பார்த்தார்கள்? அதற்கடுத்து எங்கள் கலியாணத்துக்கு வந்தாய், அன்றைக்குப் பார்த்தாய், பார்த்ததை வைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டாய். சகாயம் சொன்ன வியாழக்கிழமை இரவே உன் அப்பாவிடம் கேட்டேன், ஏன் அவனிடம் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று. பரீட்சை முடிகிற வரைக்கும் நோயைப் பற்றி உனக்குச் சொல்லக் கூடாது என்று அக்கா கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாளாம். பரீட்சைக்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் சொன்னால், முன்னாலேயே ஏன் கூப்பிடவில்லை என்று நீ கேட்பாய், அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்றார். கேட்டதும் அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பேசாமல் ஒரு வண்டி சீட்டை நடுவில் போட்டுக்கொண்டு, ஒருவர் மெத்தை மாதிரி என்று எழுத, ஒருவர் சந்தோஷம் என்று எழுத, அந்தக் கால் பாவம் என்ன செய்தது?

சீட் நேற்று தயாராகிவிட்டது. சகாயம் முதலில் பூ மாதிரி ஸ்பாஞ்சு வைக்கிறேன் என்றார். முழங்காலால் அழுத்திப் பார்த்தேன், அடித்தகடு வரை இறங்கியது, வேண்டாம் என்றேன். அடியில் இறுக்கமான நார், அதற்கு மேல் ரப்பர் ஸ்பாஞ்சு, முதுகின் அடி எலும்பு வரும் இடத்தில் பள்ளம், தொடை வரும் ஓரங்களைச் சரித்து, இடுப்பு முட்டுக்கொடுத்து உட்கார முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவில் ஒரு மேடு. சிவப்புக் கரை வைக்கட்டுமா என்றார், கறுப்பே போதும் என்றேன். பின்பாதியில் அக்காவின் மெத்தையை எடுத்துவிட்டு எனக்குச் சமமாகப் போடவா என்று கேட்டார். அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று மத்தியானம் உன் அப்பா காலுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து, போல்ட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பானரைப் பிடித்து உன் ஒற்றை சீட்டைக் கழற்றினேன். பார்வதம்மா வந்து நின்றுகொண்டு, "இன்னா டீச்சர், ஸ்கூல்ல சம்பளம் பத்தலன்னு மெக்கானிக் வேலைக்குப் போறியா" என்றாள். வாயைப் பார்க்காமல் வண்டியைப் பிடி என்றேன், பிடித்தாள். நீள சீட்டை மாட்டிவிட்டேன். விரலில் இரண்டு இடத்தில் தோல் போய்விட்டது.

அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். நான் கழற்றினேன் என்றால் திங்கட்கிழமைக்குள் திருப்பி மாட்டிவிடுவார். அதனால், அசோகன் கழற்றச் சொல்லி எழுதியிருக்கிறான் என்று சொல்லப்போகிறேன். அவரிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.

ஞாயிறு காலை தொடர்கிறேன். நேற்று எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். வாசலிலேயே நின்று வண்டியைப் பார்த்தார், முகம் கறுத்துப்போயிற்று. நினைத்தபடி சொன்னேன். "எம்புள்ளயே சொல்ட்டானா?" என்று கேட்டார், ஆமாம் என்றேன். உடனே நம்பிவிட்டார். ஏறி உட்கார்ந்தார், முன்னே தள்ளி, பின்னே தள்ளி உட்கார்ந்து பார்த்தார், ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. இறங்கியதும், "காயிதம் எங்க, குடு, இன்னா எழுதிகீறான் பாக்கறேன்" என்று கையை நீட்டினார். பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது, மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். காலையில் எழுந்ததும் மறுபடி கேட்டார்.

ஆகவே அந்தக் கடிதத்தை, இது கிடைத்த அன்றே நீ எழுது. தந்தி கொடுக்காதே, தந்தி என்றால் பயந்துவிடுவார். சீட்டைக் கழற்றுங்கள் என்று எழுது, உங்கள் கால்தான் முக்கியம் என்று எழுது. அம்மா விஷயம் எனக்குத் தெரியும் என்று அதில் எழுதாதே, தீபாவளி லீவுக்கு வந்து அவர் வாயால் கேள். அதுவரை தினம் ஒரு சாக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் எனக்குப் பொய் சரளமாக வராது, சீக்கிரம் எழுது. நீயும் வெளிச் சாப்பாட்டைக் குறை, மழையில் நனையாதே. எந்த நோயும் உன்னை அண்டாமல் நீடூழி வாழ வேண்டும். திட்டியதற்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கப் போவதில்லை. பள்ளிக்கூட விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது, என் பெயருக்குப் போடு.

ஆசிகளுடன்,
உன் சித்தி
கண்மணி