சிவப்பு வாசர்

பிக்கட்டி
தை மாதம் பன்னிரண்டு

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு, அப்பா சுப்பண்ணன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மெட்டில்டா டீச்சர் எழுதுவது. இங்கே நானும் வீடும் கன்று போட்ட மாடும் நலம், கடல் தாண்டி நீயும் மாப்பிள்ளையும் பேரன் யுவனும் எங்களைவிட ஒரு பிடி கூடுதலாக நலமாக இருக்க மாரியம்மாள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வருஷம் உறைபனி கடுமை, கேரட் இலையெல்லாம் வெந்த மாதிரி கருகிவிட்டது, போன வாரம் காட்டெருமை வேலியை மிதித்து உள்ளே வந்து பீன்ஸில் பாதியைத் தின்றது, மீதியை நான் தின்கிறேன். முட்டி வலி இருக்கிறது, கண் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது இதைச் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ விடுங்கப்பா என்பாய், நானும் விட்டுவிடுவேன். கடிதத்தை அப்படி விடச் சொல்ல முடியாது.

கரடி ஃபேக்டரிக்குள் புகுந்து, வாடப் போட்டிருந்த தேயிலைமேல் படுத்துத் தூங்கியதே, அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷம்தான் உனக்குக் காது குத்தினோம், உனக்கு ஆறு வயது. அந்த வருஷம்தான் ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோடு சரிந்து பதினோரு நாள் கீழிருந்து ஒரு லாரி வரவில்லை. உன் தம்பி பிறந்த மூச்சோடு போனதும் அதே ஐப்பசியில்தான். நான் சொல்ல வந்தது அந்த வருஷத்துச் சங்கதி.

குன்னூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சிவகுரு நம் எஸ்டேட்டின் பழைய பச்சைக் காரை வாங்கியிருக்கிறான். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்ததாம். மே மாதம் ஊட்டியில் பழைய கார்களெல்லாம் வரிசையாகப் போகுமே, அதில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. எஞ்சினை இறக்கி, தேய்ந்ததை மாற்றி, எல்லாம் சரி செய்துவிட்டான், ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் மட்டும் எழவில்லை. எஸ்டேட் ஷெட்டில் மெக்கானிக்காக அந்தக் காரைத் தொட்டவர்களில் உயிரோடு இருப்பது நான்தான் என்று யாரோ சொல்ல, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். ஏனுங்க மாமா, மீட்டர் செத்துப்போச்சுங்க, வேற ஒண்ணு மாட்டிறலாமுங்களா என்றான். நோவு எங்கன்னு தெரியாம ஆளையே மாத்துவியா என்றேன்.

அந்தக் காரில் எஞ்சினிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று மீட்டர்வரை வரும். ஆயிலே அந்தக் குழாய் வழியாக ஏறி முள்ளைத் தள்ளும். முதலில் குச்சியை இழுத்து ஆயில் அளவு பார்த்தேன், நிறைவாக இருந்தது. குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கமே அவன் கடையிலிருந்த வேறு மீட்டரை நேராக மாட்டி ஓட்டச் சொன்னேன், முள் துள்ளி எழுந்து நாற்பதில் நின்றது. எஞ்சினில் குற்றம் இல்லை. பழைய மீட்டருக்குள் கைப்பம்பால் காற்றடித்தேன், அதுவும் முள்ளைத் தூக்கியது, மீட்டரிலும் குற்றம் இல்லை. அப்புறம் மிச்சம் குழாய்தான். வாயில் வைத்து ஊதினேன், போகவில்லை. அது எஞ்சினோடு சேரும் நட்டுக்குள் ஊசியை விட்டேன். சிவப்பாக ஒரு ரப்பர் வாசர் வந்தது. ஆயில் குடித்துப் புளியங்கொட்டை மாதிரி ஊதி, நடுவிலிருந்த ஓட்டை மூடிப் போயிருந்தது. சிவகுரு விழுந்து விழுந்து சிரித்தான். எந்த மகராசனுங்க மாமா இது, ஒத்தடப் பையை வெட்டி எஞ்சினுக்குப் போட்டிருக்கான் என்றான்.

அம்மணி, அந்த மகராசன் உன் அப்பன். உன் அம்மா மாசமாக இருந்தபோது இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தோமே, சிவப்பு வெந்நீர்ப் பை, வரி வரியாக இருக்கும், அது ஒழுகிப் போனதால் ஷெட்டில் வைத்திருந்தேன். ரோடு அடைத்துச் செப்பு வாசர் வரவில்லை, காரில் அந்த மூட்டில் ஆயில் கசிந்தது, பையில் ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். கசிவு நின்றது. ரப்பர் ஆயிலைக் குடித்தால் ஊதும் என்று தெரிந்தவன்தான், நாலு நாளைக்குத்தானே என்று போட்டேன். ரோடு அடைத்த எட்டாம் நாள் காலையில் டிரைவர் ஞானசேகரன் ஷெட்டுக்கு வந்து, அண்ணா, முள்ளு சோம்பேறியா ஏறுதுங்க, ஒருக்கா பாத்துருங்க என்றார். நான் ரோலரின் அடியில் படுத்திருந்தேன். உன் பொண்டாட்டி மாதிரி அதுக்கும் ஏதாச்சும் கோவமா இருக்கும், போ, சாயந்திரம் பாக்கறேன் என்று கேலி பேசி அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் மத்தியானம் உன் அம்மாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வலி கண்டது. கார் ஊட்டிக்குக் கிளம்பியது. ஓட்டியது ஞானசேகரன், பின்னால் உன் அம்மாவும் கம்பவுண்டர் நஞ்சப்பனும், உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல் முன் சீட்டில் உன்னையும் வைத்துக்கொண்டார்கள். அதற்குள் நான் மண் சரிந்த இடத்துக்குச் சாமான் எடுக்க லாரியோடு போய் மாட்டியிருந்தேன், கூட இல்லை. நடுவழியில் ஒரு வளைவில் முள் பூஜ்யத்துக்கு விழுந்ததும் அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். நிறுத்தத்தான் செய்வார். முள்ளு விழுந்தா அடுத்த மூச்சு விடாம நிறுத்தோணும், மெக்கானிக் பாக்காம திருப்பிக் கெளப்பக் கூடாது, இல்லீன்னா எஞ்சின் இறுகி வண்டி பள்ளத்துல போயிரும் என்று மாரியம்மன் கோயில் சூடத்தின்மேல் அடித்து ஒவ்வொரு டிரைவரிடமும் சத்தியம் வாங்கியவன் நான்தான். எஸ்டேட்டில் அதுதான் வழக்கம். மழையில் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு லாரி வந்ததாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு ஆயில் இருந்ததா என்றார், இருந்ததுங்க என்றேன். எஞ்சின் ஓடுகிறதா என்றார், ஓடுதுங்க என்றேன். முள் சரியில்லை என்று டிரைவர் உன்னிடம் முன்னாலேயே சொன்னானா என்றார். இல்லீங்க என்றேன். சொன்னார் என்று சொல்லியிருந்தால் பிள்ளை போனது என் கையால் என்றாகிவிடும், அப்போது எனக்கு அதைத் தாங்கத் தெம்பு இல்லை. அந்த மூட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் மீட்டர் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன், பின்னால் வந்த டிரைவர்களிடம் அந்த முள்ளைப் பார்க்காதே என்றேன். ஞானசேகரன் ஒன்றுமில்லாததற்கு வண்டியை நிறுத்தினார் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்போதும் என் கோபம் அடங்கவில்லை, பொம்பளை துடிக்கையில வண்டியை நிறுத்திப்போட்டுப் பீடி குடிச்சுட்டு உக்காந்திருந்தான் என்று கள்ளுக்கடை மாதிரி வாயைத் திறந்து எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கச் சொன்னேன். யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானே கட்டியது. சந்தையில் அவரைக் கண்டால் பிள்ளைகள் முள்ளு வருது, வண்டியை நிறுத்து என்று கத்தும். நீயும் கத்தியிருக்கிறாய் கண்ணு. நான் பக்கத்தில் நின்றுகொண்டு சும்மா இருந்தேன்.

வாசரைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை கட்டபெட்டு போனேன். மூன்று பஸ் மாறினேன். ஞானசேகரன் கொரோனாவுக்கு அடுத்த வருஷம் போய்விட்டாராம், எனக்கு யாரும் சொல்லவில்லை, ஏன் சொல்லப் போகிறார்கள். அவர் சம்சாரம் பாப்பா இருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்தும் உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன், காலையில் வந்து அவர் சொன்னதையும் நான் இல்லை என்றதையும் சேர்த்து. அந்த அம்மாள் அழவில்லை, வாசரை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, இத்துனூண்டுங்களா என்றார். என்னை மன்னிச்சிருங்க என்றேன். அதைக் கேக்கறதுன்னா அவரு இருக்கையில வந்திருக்கோணுமுங்க, நான் ஆரு மன்னிக்கறதுக்கு என்றார். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார், குடித்தேன். கிளம்பும்போது வாசற்படிவரை வந்து ஒன்று கேட்டார். அவரு பீடி குடிச்சுட்டு உக்காந்திருந்தாருன்னு பேசினாங்க, ஒரு நாளும் மறுத்துப் பேசலீங்க, நான் கேட்டாலும் எந்திரிச்சு வெளிய போயிருவாரு, நெசமாவே அப்படியேதான் உக்காந்திருந்தாருங்களா என்றார். அது நான் கட்டிய பொய்யுங்க என்றேன். நீங்க கட்டினது சரி, அங்க நடந்தது என்னன்னு உங்களுக்கும் தெரியாதில்லீங்களா, ரெண்டு மணி நேரம் அவரு என்னதான் செஞ்சாரு என்றார். உன் அம்மா மருதாம்பாள் அந்த வளைவைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை, நானும் கேட்கப் பயந்தேன். பாப்பாவுக்கு எண்பது ஆகப் போகிறது.

மே மாதம் சிவகுரு என்னைக் காரில் ஏறச் சொல்கிறான், ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூட்டுக்குச் செப்பு வாசர் போட்டாயிற்று, முள் இப்போது ஒழுங்காக ஏறுகிறது. உன் காரில் முள் கிடையாதாம், சிவப்பு விளக்குதானாம், அது எரிந்தால் எவ்வளவு அவசரமானாலும் நிறுத்து, யார் திட்டினாலும் நிறுத்து. யுவனுக்கு என் ஆசீர்வாதம், குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல். மாப்பிள்ளையும் நீயும் ஒருவருக்கொருவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு நூறாயுசு இருங்கள்.

பாப்பாவின் விலாசத்தை டீச்சர் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறார். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும் என்று சொல்லிவிடாதே, நீ என் மகள். அவர் உட்கார்ந்திருந்தாரா, ஓடினாரா, மழையில் நின்று கை காட்டினாரா, உன் கையைப் பிடித்தாரா, எது கண்ணில் பட்டதோ அதை மட்டும் எழுது. எனக்காக மாற்றாதே, அவருக்காகவும் மாற்றாதே. எனக்கு எழுத வேண்டாம், அந்த அம்மாளுக்கு எழுது. சீக்கிரம் எழுது. அன்றைக்கு அந்தக் காரில் போனவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நஞ்சப்பன் போய்விட்டார். உன் அம்மா போய்விட்டாள். ஞானசேகரன் போய்விட்டார். பெயர் வைக்காத உன் தம்பி அன்றைக்கே போனான். இருப்பது ஷண்முகப்ரியா ஒருத்தி.

இப்படிக்கு,
அப்பா சுப்பண்ணன்
(இடது பெருவிரல் ரேகை)