நான் வெட்டிய பாட்டு

14-8-2004, சனி

அந்தப் பழைய பாட்டுப் படத்தைப் பழுது நீக்கி டிவிடியாக விட்டிருக்கிறார்கள். தண்டையார்பேட்டை தியேட்டரில் நான் ஆபரேட்டராக இருந்தபோது ஓட்டிய படம். ஒரே ஒரு பிரிண்ட்தான் மிஞ்சியிருந்ததாம்.

என் மனைவி கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "அன்னிக்கி பாத்தாப்லயே கீதுய்யா. ஒண்ணுகூட கொறையல" என்றாள்.

குறைகிறது. கதாநாயகி வாசலில் நிற்கிறாள், அடுத்த நொடி படகில் அழுகிறாள். நடுவில் ஒரு பாட்டு இல்லை. அந்த இடத்தில் திரையின் மூலையில் ஒரு பெருக்கல் குறி மின்னி மறைந்தது. திரும்ப ஒட்ட அடையாளமாக நான் ஊசியால் கீறியது. எல்லாக் கீறலையும் துடைத்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஹார்பர் நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அப்போதெல்லாம் மாலைக் காட்சி முடியுமுன்பே நேரமாகிறது என்று கத்துவார்கள். "ஒரு பாட்ட எட்த்துடு நைனா" என்றார் மேனேஜர். முதல் காட்சிக்கு முன்பே எடுத்தேன். கடைசி நாள் ஒட்டுவதற்குள் படப்பெட்டியை வாங்க ஆள் வந்துவிட்டான். பயத்தில் வாயே திறக்கவில்லை. இந்த வட்டாரத்தில் ஒருவரும் அந்தப் பாட்டைப் பார்த்ததில்லை.

வெட்டிய துண்டைப் போட்டுவைத்த டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். பிலிம் சுருங்கி, புளித்த காடி வாடை அடிக்கிறது. விளக்கில் பிடித்தால் கதாநாயகியின் முகம் தெரிகிறது. திங்கட்கிழமை டிவிடி விட்ட கம்பெனிக்குக் கொண்டுபோகிறேன். திருடன் என்றாலும் சரி, வெட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

"இன்னாய்யா நாத்தம் அது?" உள்ளேயிருந்து கஸ்தூரி கேட்கிறாள்.

முதலில் இவளிடம் சொல்ல வேண்டும். பேனாவை வைக்கிறேன்.