கதவு திறக்காத காட்சிகள்

என் அக்காவுக்கு,

சிறந்த நடிகை விருதுக்கான ஐந்து பேர் பட்டியல் ஞாயிறு மாலை டிவியில் வருகிறது. அந்த ஐந்து பெயரையும் கணிக்கும் நம் போட்டியில் இந்த முறையும் நான்தான் ஜெயிப்பேன். நீ பேட்டிகளைப் படித்துக் கணிப்பாய். பத்தாவதோடு நின்ற நான், ஆவடி தியேட்டரில் கதவுக்கு வெளியே பாப்கார்ன் விற்றபடியே கணிக்கிறேன். எந்த நடிகை அழும்போது ஒருவர்கூடக் கதவைத் திறந்து வெளியே வரவில்லையோ, அவள் பெயரை எழுதிவிடுவேன். போன வருடம் ஐந்தில் நான்கு சரி. அதைச் சொல்ல நீ வீட்டில் இல்லை. அம்மா பேச்சை மீறி மாமாவைக் கட்டிக்கொண்டு வேப்பம்பட்டு போய்விட்டாய்.

நேற்று அம்மா என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"படமே பாக்காம இன்னாடி எழுதிக்கினு கீறே?"

நான் தாளை மடித்துக்கொண்டேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஒரு வருடமாக உன் பேச்சையே எடுக்காதவள், சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்:

"உங்கக்கா இருந்தா யார எழுதுவா?"

நான்கு பெயர் எழுதிவிட்டேன். ஐந்தாவது பெயரை எழுதும் இடம் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா கதவைத் திறப்பாள். வேண்டுமானால் பந்தயம் கட்டு.

உன்னிடம் மட்டும் வாயாடும்,
தங்கை